மறந்தாரை மறவாமை

ஒரு தேசத்தின் நாகரிகத்தை அளந்து பார்க்கப் பல அளவுகோல்கள் உண்டு. ரயில் பாதையின் நீளத்தைச் சொல்வார் சிலர். கலாசாலைகளின் தொகையைச் சொல்வார் சிலர். பொக்கிஷத்தின் கனத்தைச் சொல்வார் வேறு சிலர். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும், இனி யாதொரு பயனும் செய்ய இயலாதவரை, நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவும் சக்தியற்றவரை, ஒரு சமூகம் எங்ஙனம் நடத்துகிறது என்பதே இவற்றுள் நுட்பமான அளவுகோல் என்பது நமது அபிப்பிராயம். தம் பெயரையும், தாம் பெற்ற மக்களின் முகத்தையும், கடைசியில் சோற்றை விழுங்கும் விதத்தையுங்கூட மறந்துவிட்ட முதியோரைப் பற்றியும், அவர்களைச் சுமந்து நிற்கும் குடும்பங்களைப் பற்றியும் இங்கு எழுதப் புகுந்தோம்.

வைத்தியர்கள் டிமென்ஷியா என்றும் ஜனங்கள் மறதி நோய் என்றும் சொல்லும் இவ்வியாதி மூப்பின் இயல்பான குணமன்று. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று நம் வீடுகளில் சொல்லி விடுகிறோம். 1906-ம் வருஷத்தில் ஜெர்மன் தேசத்து வைத்தியராகிய அலாய்ஸ் ஆல்ஷைமர், ஐம்பது வயதையொட்டியே புத்தி தடுமாறிப் பின் இறந்துபோன ஒரு ஸ்திரீயின் மூளையைச் சோதித்து, அதிற் கண்ட மாறுதல்களை வைத்தியர் சபையொன்றில் எடுத்துரைத்தார். அவர் பெயரால் வழங்கும் நோயே இவ்வகை வியாதிகளில் பெரும்பான்மையானது. மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவதும் உண்டு. இரண்டினும் அழிவது மூளைதான். சில மருந்துகள் இதன் வேகத்தைச் சிறிது தணிக்கக் கூடும். வேரோடு களையும் மருந்து இன்று வரை கிடைக்கவில்லை.

இந்நோய் நம்மவர்க்கு அபூர்வம் என்று எண்ணியிருந்த காலம் ஒன்றுண்டு. 2023-ம் வருஷம் வெளியான ஓர் அகில இந்திய ஆராய்ச்சியின்படி, நமது நாட்டில் 60 வயது கடந்தவரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய் இருக்கிறது. தொகையாகச் சொன்னால் சுமார் 88 லட்சம் பேர். இவ்வெண்ணிக்கை 2036-ல் 1 கோடியே 69 லட்சமாகும் என்றும் அவ்வாராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். ஆண்களைக் காட்டிலும் பெண்களிடத்தும், பட்டணங்களைக் காட்டிலும் கிராமங்களிலும் இது மிகுதி என்று அவர்கள் கண்டிருப்பது முக்கியமாகக் கவனிக்கற்பாலது. வைத்தியர் எட்டாத இடத்தில், கல்வி கிட்டாதிருந்த கிழவியிடத்தில், இந்நோய் அதிகமாகக் குடியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

முடிவை முடிவென்று அறிதல்

புற்றுநோயாளி ஒருவர் இறுதி நிலையை அடைந்துவிட்டால், வீட்டார் அதை அறிந்துகொள்கின்றனர். மறதி நோயில் அப்படியில்லை. எட்டு வருஷம், பத்து வருஷம் என்று மெல்ல மெல்லத் தேயும் நோயாகையால், இதுவே உயிரையும் கொண்டுபோகும் வியாதி என்பது எவர் மனத்திலும் தைப்பதில்லை. அமெரிக்க தேசத்தில் பாஸ்டன் நகரைச் சூழ்ந்த 22 முதியோர் பராமரிப்பு நிலையங்களில், நோய் முற்றிய 323 பேரைப் பதினெட்டு மாதம் தொடர்ந்து கவனித்து, 2009-ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அந்தப் பதினெட்டு மாதத்துக்குள் அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். நிமோனியா என்னும் நுரையீரல் நோய், மீண்டும் மீண்டும் வரும் ஜுரம், உண்ண முடியாமை ஆகிய மூன்றுமே முடிவுக்கு அடையாளங்களாக இருந்தன. நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் உண்பதில் கஷ்டம் கண்டது.

அவ்வறிக்கையில் நம் உள்ளத்தைத் தொட்ட செய்தி வேறொன்று. கடைசி மூன்று மாதத்தில் நூற்றுக்கு நாற்பது பேர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துச் செல்லப்பட்டோ, குழாய் செருகப்பட்டோ, ஊசியால் குத்தப்பட்டோ அவதிப்பட்டனர். ஆனால் நோயின் போக்கையும், இனி வரக்கூடியதையும் முன்கூட்டியே விளங்கிக்கொண்ட உறவினரைப் பெற்றிருந்த நோயாளிகளுக்கு இவ்வுபத்திரவம் மிகவும் குறைவாக இருந்தது. ஆகவே, இந்நோயாளிக்கு வைத்தியர் செய்யக்கூடிய பேருபகாரங்களுள் ஒன்று மருந்துச் சீட்டில் எழுதக்கூடியதன்று. அது வீட்டாரை உட்கார வைத்து உண்மையைச் சொல்வது. "எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பும் வைத்தியர் அன்பால் அப்படிச் சொல்லலாம். ஆயினும் அந்த அன்பின் விலையைப் பின்னர்க் கொடுப்பவர் பேசமுடியாத அந்த முதியவரே.

வாயும் குழாயும்

நம் வீடுகளில் இந்நோயின் கடைசிக் கட்டத்தில் எழும் மிகக் கொடிய தர்ம சங்கடம் உணவைப் பற்றியது. சாதத்தை வாயில் வைத்தால் அடக்கிக்கொள்கிறார். தண்ணீர் கொடுத்தால் புரையேறுகிறது. சிற்சில நாள் வாயையே திறப்பதில்லை. உடனே மூக்கின் வழியே குழாய் இடுகின்றனர். அவரோ அதைப் பிடுங்கி எறிகிறார். பிடுங்காதிருக்கக் கைகளைக் கட்டிலோடு கட்டுகின்றனர். எழுபது வருஷம் பிறர்க்கு அன்னமிட்ட கைகளைக் கட்டிப் போட்டு அவருக்கு அன்னம் செலுத்துவதை என்னவென்று சொல்வது?

இவ்விஷயத்தில் வைத்திய சாஸ்திரம் இன்று தெளிவாகவே பேசுகிறது. முற்றிய மறதி நோயில் குழாய் உணவு ஆயுளை நீட்டுகிறது என்பதற்கோ, புரையேறி வரும் நிமோனியாவைத் தடுக்கிறது என்பதற்கோ ஆதாரமில்லை. படுக்கைப் புண்ணும், கட்டிப் போடும் கொடுமையும் அதிகமாவதே கண்ட பலன். அமெரிக்க முதியோர் வைத்தியர் சங்கத்தார் 2014-ல், இத்தகையோர்க்குக் குழாய் வேண்டாம், பொறுமையோடு கையால் ஊட்டுவதே தக்கது என்று வெளிப்படையாகக் கூறியிருக்கின்றனர். நிமிர்த்தி உட்காரவைத்து, குழைந்த உணவைச் சிறு கரண்டியால், அவர் விழுங்கும் வரை காத்திருந்து ஊட்டுவது. வேண்டாமென்று முகம் திருப்பினால் நிறுத்திவிடுவது. நாவும் உதடும் உலராமல் ஈரத்துணியால் துடைத்து வருவது: இவ்வளவே அம்முறை. வயிறு நிரம்புவது இதன் நோக்கமன்று. வாய்க்கு ருசியும் மனத்துக்கு இதமுமே நோக்கம்.

இதைச் சொல்லும்போது ஊராரின் நாவை நாம் மறக்கவில்லை. "பெற்ற தாயைப் பட்டினி போட்டான்" என்ற ஒரு பழிச்சொல்லுக்கு அஞ்சியே அனேக மக்கள் குழாய்க்குச் சம்மதிக்கின்றனர். உண்ணாமையால் அந்த உடல் மடிகிறதென்பது தவறு. உடல் முடிவை நெருங்கியதால் உண்ண மறுக்கிறது. காரணத்தையும் காரியத்தையும் மாற்றிக்கொண்டதனால் வந்த பழி இது. அருகில் அமர்ந்து அரைக் கரண்டி கஞ்சியை அரைமணி நேரம் ஊட்டும் மகன் பட்டினி போடுகிறவன் அல்லன். ஊர்ப் பெரியவர்களும், உற்றார் உறவினரும் இதை அறிந்து, இத்தகைய வீட்டுக்குள் நுழையும்போது தங்கள் நாவைக் காத்துக்கொள்வார்களாயின், அதுவே பெரிய தர்மமாகும்.

சொல்லவொண்ணா வலி

வாய் பேசாதவருக்கு வலியில்லை என்று நினைப்பது மற்றொரு பெரும்பிழை. பல்வலியோ, மலச்சிக்கலோ, முதுகில் அரும்பும் புண்ணோ, சிறுநீர் எரிச்சலோ இவர்க்கும் உண்டு, சொல்லத்தான் வழியில்லை. மூச்சின் வேகம், முனகல், நெற்றிச் சுருக்கம், கையை மடக்கி இறுக்கிக்கொள்ளுதல், ஆறுதல் சொல்லியும் அடங்காமை ஆகியவற்றை நோக்கி வலியை அளக்கும் முறைகளை வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள். படித்த நர்ஸு ஒருவர் காட்டிக் கொடுத்தால், வீட்டிலுள்ள எவரும் கற்றுக்கொள்ளக் கூடியவை. கூச்சலிடும் முதியவருக்குத் தூக்க மருந்தைக் கொடுத்து அடக்குமுன், வலி எங்கே என்று தேடுவதே மனிதத்தன்மை.

கடும் வலிக்கு மார்பின் என்னும் மருந்து வேண்டும். போதைப் பொருள்களைப் பற்றிய 1985-ம் வருஷத்துச் சட்டத்தின் கெடுபிடியால் இம்மருந்து நம் ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலம் அருமையாகிக் கிடந்தது. 2014-ல் அச்சட்டம் திருத்தப்பட்டது. எனினும் பல வைத்தியர்களின் மனத்திலுள்ள அச்சம் இன்னும் திருத்தப்படவில்லை. மார்பின் உற்பத்திக்கு வேண்டிய அபினியைத் தன் வயல்களிலேயே சட்டப்படி விளைவிக்கும் தேசத்தில், தேசத்தின் சொந்த முதியோர் வலியால் துடித்துச் சாவது நமக்குப் பெருமை தரக்கூடிய காரியமன்று.

பராமரிப்போர் நிலை

நோயாளியைப் பற்றிப் பேசினோம். அவரைப் பராமரிப்பவரைப் பற்றிப் பேசுவோர் அதிலும் குறைவு. அது பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் என்ற மூவரில் ஒருவர். இரவில் பத்து முறை எழுந்து, அழுக்குத் துணி மாற்றி, இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்து, "நீ யாரடி?" என்ற கேள்விக்கு நாளைக்கு நூறு முறை பதில் சொல்லி, அவர் நடத்தும் வாழ்வுக்கு விடுமுறையில்லை, கூலியில்லை, பெரும்பாலும் பாராட்டுமில்லை. வேலையை விட்டுவிட்டு வந்தவர் பலர். தம் உடம்பையே கெடுத்துக்கொண்டவர் அனேகர்.

இவர்களுடைய துக்கமும் விசித்திரமானது. மற்ற வீடுகளில் மரணம் ஒருமுறை வருகிறது. இங்கு இரண்டு முறை வருகிறது. தாய் தன்னை அடையாளம் கண்டுகொள்ளாத நாளன்று மகள் ஒருமுறை தாயை இழக்கிறாள். அதற்குத் துக்கம் விசாரிக்க எவரும் வருவதில்லை. பின்னர் உயிர் பிரியும்போது, துக்கத்தோடு கூட "அப்பாடா" என்ற ஒரு பெருமூச்சும் எழுகிறது. எழுந்த மறுகணமே, இப்படி நினைத்தோமே என்ற குற்ற உணர்ச்சி நெஞ்சைக் குத்துகிறது. அந்தப் பெருமூச்சு பாவமன்று. பல்லாண்டு பாரம் சுமந்த தோளின் இயல்பு. இதை அவர்களிடம் யாராவது ஒருவர் சொல்லவேண்டும். இறந்தவரின் கட்டில் காலியான பின்பும் அவ்வீட்டுக்கு ஒருமுறை சென்று வரும் நர்ஸோ, தொண்டரோ இருப்பாரானால், அதுவும் வைத்தியத்தைச் சேர்ந்ததே.

சட்டம் செய்ததும் செய்யாததும்

பெற்றோரைக் கைவிடும் மக்களைத் தண்டிக்க 2007-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்தோம். அது வேண்டியதே. ஆனால் கைவிடாத மக்களுக்கு நாம் என்ன செய்தோம்? வக்கீல் தொழிலில் நாம் அடிக்கடி காணும் காட்சியொன்றுண்டு. கணவருக்கு நினைவு தப்பிவிட்டது. பென்ஷன் பணமும் சேமிப்பும் அவர் பெயரில் பாங்கியில் இருக்கின்றன. வைத்தியச் செலவுக்குப் பணமில்லை. முன்பே எழுதி வாங்கிய பவர் பத்திரத்தைக் காட்டுகிறாள் மனைவி. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 201-ம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த ஸ்வாதீனம் இழந்த அன்றே அப்பத்திரத்தின் பலமும் போய்விடுகிறது. எந்த நாளுக்காக அதை எழுதினார்களோ, அந்த நாளில் அது உதவாது!

1987-ம் வருஷத்து மனநலச் சட்டத்தில், இத்தகையோருக்கு ஜில்லாக் கோர்ட்டு கார்டியனை நியமிக்க இடமிருந்தது. 2017-ம் வருஷத்துப் புதிய சட்டம் பழையதை ரத்து செய்தபோது அதற்கு ஈடாக ஒன்றும் வைக்கவில்லை. இதனால் குடும்பங்கள் ஹைக்கோர்ட்டின் ரிட் அதிகாரத்தைத் தேடி ஓடவேண்டியிருக்கிறது. நினைவிழந்து கிடப்போரின் விஷயத்தில் கேரள ஹைக்கோர்ட்டு 2019-ல் வழிமுறைகள் வகுத்தது. சென்னை ஹைக்கோர்ட்டும் 2024-ல் ஒரு மனைவியைக் கார்டியனாக நியமித்து உபகாரம் செய்தது. நீதிபதிகளின் கருணை போற்றத்தக்கது. ஆயினும் கணவரின் பணத்தைக் கணவருக்கே செலவிட, ஓர் ஏழை ஸ்திரீ தலைநகரின் பெரிய கோர்ட்டுப் படியேற வேண்டுமா? சட்டசபைகள் செய்யத் தவறியதை நீதிபதிகள் ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பது ராஜ்ய பரிபாலனமாகாது. இதன் மறுபுறத்தையும் சொல்லிவிடுவோம்: சுயநினைவற்ற கிழவரின் பெருவிரலைப் பிடித்துத் தான பத்திரத்தில் கைநாட்டு வாங்கும் புதல்வர்களும் உளர். அப்பத்திரம் செல்லாது, அது பெற்றவரிடத்திலேயே செய்யும் திருட்டு.

மரணத்தைப் பற்றிய சட்டத்தில் நல்ல மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. 2018-ம் வருஷம் மார்ச்சு மாதம் 9-ந் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், மானத்தோடு இறப்பதும் அரசியல் சாஸனத்தின் 21-வது ஷரத்து அளிக்கும் உரிமையில் அடங்கியது என்று தீர்ப்பளித்தனர். உயிரை ஊசி போட்டு வாங்கும் செயலை அத்தீர்ப்பு அனுமதிக்கவில்லை. மீளும் நம்பிக்கையற்ற நிலையில் உபத்திரவமான யந்திர சிகிச்சையை மறுக்கவும் நிறுத்தவுமே இடங்கொடுத்தது. இன்ன நிலை வந்தால் இன்ன சிகிச்சை எனக்கு வேண்டாமென்று ஒருவர் முன்கூட்டி எழுதிவைக்கும் 'லிவிங் வில்' என்ற பத்திரத்தையும் அங்கீகரித்தது. முதலில் மாஜிஸ்டிரேட்டின் கையெழுத்து வேண்டியிருந்ததால் ஜனங்களுக்கு அது எட்டாக்கனியாயிருந்தது. 2023-ம் வருஷம் ஜனவரி 24-ந் தேதி அந்நிபந்தனை தளர்த்தப்பட்டது. இன்று இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டெட் அதிகாரியிடமோ அத்தாட்சி பெற்றால் போதும். தன் சார்பில் பேசத்தக்க உறவினர் பெயரையும் அதில் குறிக்க வேண்டும். அதை நிறைவேற்றுமுன் ஆஸ்பத்திரியில் மும்மூன்று வைத்தியர் கொண்ட இரண்டு குழுக்கள் ஆராயவேண்டுமென்ற பாதுகாப்பும் இருக்கிறது. கர்நாடக சர்க்கார் 2025-ம் வருஷம் ஜனவரியில் இதை நடத்துதற்கு உத்தரவு பிறப்பித்தனர்.

ஆனால் மறதி நோயில் ஒரு நிபந்தனை கத்திபோல் தொங்குகிறது: அப்பத்திரத்தை எழுதும்போது சித்த ஸ்வாதீனம் இருக்க வேண்டும். நோயின் பெயர் தெரிந்த ஆரம்ப மாதங்களே அதற்குரிய காலம். அக்காலத்தில் நம் குடும்பங்கள் செய்வதென்ன? நோயாளியிடமே நோயை மறைக்கின்றன. "அப்பாவிடம் சொல்லாதீர்கள், மனம் உடைந்துவிடும்" என்று வைத்தியரைக் கெஞ்சுகின்றன. அன்பின் பெயரால், அவர் தம்மைப் பற்றித் தாமே தீர்மானிக்கக்கூடிய கடைசி வாய்ப்பையும் பறித்துவிடுகின்றன. கடைசி நாட்களைத் தம் வீட்டிலே கழிக்க விரும்புகிறாரா, மூச்சு யந்திரம் வேண்டுமா, குழாய் வேண்டுமா, சொத்தை எப்படிப் பிரிக்கவேண்டும் என்றெல்லாம் அவரிடமே கேட்டறியும் உரிமையும் கடமையும் மக்களுக்கு உண்டு. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின்படியும், தம் சிகிச்சை விஷயத்தில் தமக்காகப் பேச ஒரு பிரதிநிதியை அவர் நியமித்து வைக்கலாம்.

அண்டையில் ஒரு முன்மாதிரி

இறுதிக் காலப் பராமரிப்பு என்றவுடன் சிலர் மேல்நாட்டு ஸ்தாபனங்களை நினைக்கின்றனர். 1967-ல் லண்டனில் ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார் செயிண்ட் கிறிஸ்டோபர் விடுதியை நிறுவி உலகுக்கு வழிகாட்டியது மறக்கற்பாலதன்று. ஆனால் நமக்குத் தேவையான வழி மலைக்கு அப்பால், அண்டை வீட்டிலேயே இருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் சில வைத்தியர்களும் நண்பர்களும் ஒரு சிறு வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினர். பின்னர் அது ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. கடைக்காரரும், உபாத்தியாயரும், ஆட்டோ ஓட்டுபவரும், குடும்ப ஸ்திரீகளும் பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் தம் வட்டாரத்து நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றனர். சிறு சிறு நன்கொடைகளால் செலவு நடந்தது. 2008-ல் கேரள சர்க்கார் இதற்கென ஒரு கொள்கையையே வகுத்து, கிராமப் பஞ்சாயத்துக்களிடம் பொறுப்பை ஒப்படைத்தனர். இது எவரிடமும் கடன் வாங்காத சுதேசி முறை. அயலார் வந்து கற்றுச் செல்லும் முறை.

நமது மாகாணமும் வெறுங்கையோடு இருக்கவில்லை. 2021-ம் வருஷம் ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. இது நல்ல அஸ்திவாரம். மறதி நோய் முற்றிய முதியோரையும் அவர் வீட்டாரையும் அந்நர்ஸின் பட்டியலில் தனியே சேர்க்க வேண்டும். ஊட்டும் முறையையும், புரட்டும் முறையையும், வலியறியும் முறையையும் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டும். தாலுகாவுக்கு ஒரு பகல் நேரப் பராமரிப்பு இல்லம் இருந்தால், மருமகள் ஒருத்தி வாரத்தில் இரண்டு நாளாவது நிம்மதியாகத் தூங்குவாள். வீட்டில் மரணம் நேர்ந்தால் சர்டிபிகேட்டுக்காக அலைய விடாமல், முன்பே பார்த்துவந்த வைத்தியர் அதை வழங்க ஏற்பாடு வேண்டும். பார்லிமெண்டு கார்டியன் சட்டத்தை ஜில்லாக் கோர்ட்டு அளவில் எளிதாக இயற்ற வேண்டும்; சித்த ஸ்வாதீனம் போன பின்பும் செல்லும்படியான பவர் பத்திரத்துக்கும் வகை செய்ய வேண்டும். இவற்றில் எதுவும் பொக்கிஷத்தைக் காலி செய்யும் காரியமன்று.

சர்க்கார் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் தெருவில் இத்தகைய முதியவர் ஒருவர் இருப்பார். அவ்வீட்டின் கதவைத் தட்டி, "ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வெளியே போய் வாருங்கள்" என்று சொல்ல எந்தச் சட்டமும் வேண்டாம், எந்த நிதியும் வேண்டாம். அவர் உங்களை அறியமாட்டார். உங்கள் பெயரை நாளை நினைவு வைத்திருக்கவும் மாட்டார். ஆயினும் குரலின் இனிமையையும், கையின் வெப்பத்தையும் அந்த உள்ளம் கடைசி வரை உணர்வதை அருகிலிருந்து பார்த்தோர் அறிவர். இன்று எண்பதும் தொண்ணூறும் கடந்து நிற்பவர்கள், சுயராஜ்யத்தின் முதல் வருஷங்களில் பஞ்சத்தையும் பற்றாக்குறையையும் பொறுத்துக்கொண்டு நம்மை வளர்த்தவர்கள். அவர்கள் இத்தேசத்தை மறந்துவிட்டார்கள்; இத்தேசம் அவர்களை மறக்கலாகாது.